பேட்ச் போடுவது: கன்சோலைத் தொடும் முன்பே பாதி வேலை

ஒரு நாடகத்துக்கு லைட்டிங் பார்க்கும் பொறுப்பு வந்தது. சீன் எப்படி இருக்க வேண்டும், எங்கே நீலம், எங்கே இருட்டு என்றெல்லாம் இயக்குநரோடு பேச நேரம் இருந்தது. எந்த விளக்கு எந்த நம்பரில் உட்கார்ந்திருக்கிறது என்று கன்சோலுக்கு, அதாவது விளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டு மேசைக்கு, சொல்லிவைக்கும் வேலையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதைத்தான் பேட்ச் என்கிறோம். மேடையில் வரும் தகராறுகளில் பெரும்பாதி அங்கேதான் தொடங்கும்.

வந்து இறங்கியவை 8 மூவிங் ஹெட் (தலை சுழலும் விளக்கு), 12 எல்இடி பார், சாதா விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 6 சேனல் டிம்மர் பேக் ஒன்று, மெல்லிய புகை விடும் ஹேஸர் ஒன்று. எல்லாமே டிஎம்எக்ஸ் 512-ல் ஓடுபவை; கன்சோல் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை அது. 1986-ல் வகுக்கப்பட்ட முறை, இன்னும் அசையாமல் நிற்கிறது. ஒரு யூனிவர்ஸுக்கு, அதாவது ஒரு டிஎம்எக்ஸ் லைனுக்கு, 512 சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. கன்சோல் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், விளக்கு எடுத்துக்கொள்ளும், பதில் எதுவும் திரும்பி வராது. அதனால் கன்சோல் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும்போதே மேடையில் ஒன்றும் எரியாமல் இருக்கலாம். விளக்கின் மெனுவில் உள்ள மோடும் (எத்தனை சேனலில் ஓடுகிறது) அட்ரஸும் (அதன் முதல் சேனல் எந்த நம்பர்), கன்சோலில் நாம் போட்ட மோடும் அட்ரஸும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் கண்தான்.

முதலில் காகிதத்தில் கணக்கு. மூவிங் ஹெட்டுக்கு 16 சேனல் மோடை எடுத்துக்கொண்டேன். அதைவிடச் சின்ன மோடும் இருந்தது, ஆனால் அதில் பேன் ஃபைன், டில்ட் ஃபைன் கிடையாது. பேன் என்றால் தலை பக்கவாட்டில் திரும்புவது, டில்ட் என்றால் மேலும் கீழும் சாய்வது; ஃபைன் என்பது அந்த அசைவை நுணுக்கமாக்கும் கூடுதல் சேனல். 540 டிகிரி சுற்றும் தலையை 256 படிகளில் நகர்த்தினால் படிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் வரும். மெதுவாக நகரும் காட்சியில் ஒளி தத்தித் தத்திப் போவது கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். ஃபைன் சேனல் சேர்ந்தால் 65,536 படிகள். ஆக 1, 17, 33 என்று போய் எட்டாவது ஹெட் 113-ல் தொடங்கி 128-ல் முடிந்தது.

பார் லைட்டுகளுக்கு 7 சேனல்தான் தேவை. இருந்தும் 201, 211, 221 என்று பத்துப் பத்தாகத் தள்ளியே வைத்தேன். இடத்துக்குப் பஞ்சமில்லை. நாளை ஒன்று பழுதாகி, 9 சேனல் விளக்கு மாற்றாக வந்தாலும் மற்றவற்றைத் தொட வேண்டாம். டிம்மர் பேக் 401, ஹேஸர் 501. டிம்மர் பேக் பழைய ரகம், திரையே இல்லை, டிப் ஸ்விட்ச்தான். வரிசையாக இருக்கும் குட்டி ஸ்விட்சுகளில் முதலாவது 1, அடுத்தது 2, பிறகு 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 401 என்றால் 256, 128, 16, 1. அதாவது 9, 8, 5, 1 ஆகிய ஸ்விட்சுகள் மேலே, மற்றவை கீழே. (டிம்மர் பேக்கிலிருந்து மூவிங் ஹெட்டுக்கோ எல்இடிக்கோ கரண்ட் எடுக்கவே கூடாது. நேரடி சப்ளைதான். பக்கத்தில் காலி சாக்கெட் இருக்கிறதே என்று யாராவது சொருகப் பார்ப்பார்கள்.)

அட்ரஸ் போடுவதை எல்லாம் தரையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸை மேலே ஏற்றிய பிறகு மெனு பட்டனை அழுத்த ஏணி தேடுவது கொடுமை. டிஎம்எக்ஸ் கேபிளிலேயே விளக்கு பதிலும் அனுப்பும் ஆர்டிஎம் வசதி இருந்தால் கன்சோலில் இருந்தே மாற்றலாமே என்பார்கள். விளக்கு, கன்சோல், நடுவில் சிக்னலைப் பல கேபிளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மூன்றும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். எங்கள் ஸ்பிளிட்டர் ஒருவழிப் பாதை. ஆகவே ஒவ்வொன்றாக ஆன் செய்து, முதலில் மோடு, பிறகு அட்ரஸ், பிறகு மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதி உடம்பில் ஒட்டினோம்.

சோதனையில்தான் சுவாரசியம். பார் லைட்டுகள் எல்லாவற்றுக்கும் டிம்மரை மட்டும் ஃபுல் கொடுத்தேன். கலர் எதுவும் ஏற்றாததால் எல்லாம் இருட்டாக இருக்க வேண்டும். "அண்ணே, ஏழாவது மட்டும் சிவப்பா எரியுது" என்றான் கீழே நின்ற பையன். ரெட் ஏற்றினால் அது பச்சை. கிரீன் ஏற்றினால் நீலம். புளூ ஏற்றினால் வெள்ளை. ஒயிட் ஏற்றினால் ஒன்றுமே இல்லை. ஒரு சேனல் நகர்ந்த வரிசை இது. அட்ரஸ் 261 சரியாகவே இருந்தது, மோடுதான் 4 சேனல். அந்த மோடில் டிம்மரே கிடையாது, முதல் சேனலே ரெட். மெனுவை விட்டு வெளியே வரும்போது என்டர் அழுத்தாததால் பழைய மோடுக்கே திரும்பியிருந்தது. இப்போதெல்லாம் மோடு மாற்றியதும் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

மூவிங் ஹெட்டில் வேறு கதை. டிம்மர் ஃபுல், தலை சொன்ன பக்கம் திரும்புகிறது, ஒளி மட்டும் இல்லை. எந்தச் சேனல் எதை இயக்கும் என்று கன்சோலுக்குச் சொல்லும் ஃபிக்ஸ்சர் ஃபைல், கன்சோல் லைப்ரரியில் அந்த மாடலுக்கு இருந்தது, ஷட்டர் சேனலை 0-ல் வைத்திருந்தது. இந்த விளக்கிலோ 0 என்றால் ஷட்டர் மூடல். கலர் வீலும் கோபோ வீலும் (ஒளியில் உருவ வடிவங்களைக் காட்டும் தகட்டுச் சக்கரம்) வேறு இடம் மாறிக் கிடந்தன. ஒரே மாடல் பெயரில் ஃபர்ம்வேர் மாறினால் சேனல் வரிசை மாறுவது இந்தத் தொழிலில் சகஜம். மேனுவல் கையில் இல்லை. ஒவ்வொரு சேனலாக 0-ல் இருந்து 255 வரை மெதுவாக ஏற்றி, என்ன நடக்கிறது என்று குறித்து, சொந்தமாக ஒரு புரொஃபைல், அதாவது புது ஃபிக்ஸ்சர் ஃபைல், எழுதினேன். ஷட்டரின் டிஃபால்ட்டை ஓப்பனில் வைத்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் அதன்பிறகு அந்த விளக்கு எனக்கு அத்துப்படி.

கடைசி இரண்டு ஹெட் மட்டும் அவ்வப்போது நடுங்கின. நடுவில் ஒரு மைக் கேபிள் புகுந்திருந்தது. சொருகினால் பொருந்தும், ஆனால் டிஎம்எக்ஸ் கேபிளின் இம்பீடன்ஸ் அதற்குக் கிடையாது. அதை மாற்றி, கடைசி விளக்கின் அவுட்டில் டெர்மினேட்டர் போட்டதும் நடுக்கம் நின்றது. டெர்மினேட்டர் என்றால் பின் 2-க்கும் 3-க்கும் நடுவே ஒரு 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

தரையில் நிற்கும் ஹெட்டும் தலைகீழாகத் தொங்கும் ஹெட்டும் ஒரே கட்டளைக்கு எதிரெதிராகத் திரும்பும். அதைத் திருப்பிப் போட கன்சோல் பேட்சில் பேன் இன்வெர்ட், டில்ட் இன்வெர்ட் இருக்கிறது. பொசிஷன் ஒன்றைக்கூட ரெக்கார்ட் செய்வதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் பதிவான பொசிஷன்கள் எல்லாம் எங்கெங்கோ போய் நிற்கும். ஹேஸரை டிம்மராக பேட்ச் செய்யக் கூடாது என்பதும் அப்படித்தான். எல்லா வெளிச்சத்தையும் அணைக்கும் பிளாக்அவுட்டை அழுத்தும்போதெல்லாம் புகையும் நின்றுவிடும். எல்லாம் முடிந்ததும் ஷோ ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து, அதிலிருந்தே ஒருமுறை திறந்து பார்த்தேன். அப்புறம்தான் முதல் கியூ, அதாவது பதிவு செய்யும் முதல் லைட்டிங் காட்சி.