புரையேறியதற்கு ஒரு சிரிப்பு

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு குவளை தண்ணீர் குடிக்கவைக்க எனக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது.

தொடக்கத்தில் அவள் இருமினால் பதறுவேன். இருமாமல் விழுங்கிவிட்டால், இன்று நன்றாகச் சாப்பிட்டாள் என்று நிம்மதியாகத் தட்டைக் கழுவப் போவேன். அந்த நிம்மதிக்குப் பின்னால் வந்தது காய்ச்சலும் இரைப்பும், நிமோனியா. பேரியம் கலந்த திரவத்தைக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுக் காட்டினார்கள். கரிய கோடு ஒன்று மூச்சுக்குழாய்க்குள் நழுவியது. அவள் முகத்தில் சலனமே இல்லை. தொண்டை மரத்துவிட்டால் இருமலும் வராதாம்.

அன்றிலிருந்து எனக்குக் காதுதான் கண். இரண்டு வாய்க்கு ஒருமுறை ‘ஆ’ சொல்லச் சொல்வேன். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய். ஈரமாக, களகளவென்று வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளைச் செருமச் சொல்லி, வெறும் எச்சிலை விழுங்கவைப்பேன். மூச்சு வாங்கும்போது ஊட்டவே மாட்டேன். விழுங்கும் கணத்தில் மூச்சு நின்றாக வேண்டும். இரைக்கிறவளால் அது எப்படி முடியும்?

தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு பொடி இருக்கிறது. கலந்ததை 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்குச் சொல்லியிருப்பது கெட்டித்தன்மையில் இரண்டாம் நிலை, அதாவது சிரிஞ்சில் 4 மி.லி.க்கு மேல், 8 மி.லி.க்குள் மிச்சம் நிற்க வேண்டும். அவள் அதைப் பசை என்கிறாள். நானும் குடித்துப் பார்த்தேன், பசைதான்.

பார்க்க வருகிறவர்கள்தான் பெரும்பாடு. “ஒரு வாய் வெறும் தண்ணீர்தானே, பாவம்!” என்பார்கள். வெறும் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடித் தப்பான வழியில் இறங்கும். இதை எத்தனை முறை சொல்வது! இப்போதெல்லாம் குவளையை நானே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் இடது கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு. ஒரு கவளம் அப்படியே ஒதுங்கிக் கிடக்கும், அவளுக்குத் தெரியாது. பிறகு பல் துலக்கல். வாயில் இருக்கும் கிருமிதானே எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது. அதற்கப்புறமும் அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார வேண்டும். அவளுக்குத் தூக்கம் சொக்குவது சரியாக அப்போதுதான்.

நேற்று மாலை எச்சில் புரையேறி, பல மாதங்களுக்குப் பிறகு பலமாக இருமினாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது. முதுகைத் தாங்கியபடி ‘ஆ’ சொல்லச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

“என்ன சிரிப்பு?” என்றாள். குரல் தெளிவாக இருந்தது.