வழக்கமான விதி என்றால் யாருடைய வழக்கம்?

செஸ் ஆட்டத்தை மாற்றி அமைக்கும் ஆட்டங்களுக்கு விதித்தாள் எழுதும்போது, "இங்கே சொல்லாததற்கெல்லாம் வழக்கமான விதி" என்று தொடங்குவது சுலபம். ஆனால் கீழக்கரையிலோ தொண்டியிலோ கோடை வகுப்புக்கு வரும் பிள்ளை தாத்தாவிடம் பழகியதாக இருந்தால்? பழைய நாட்டு ஆட்டத்தில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்தும் காஸ்லிங் கிடையாது, ராஜா ஒரேயொரு முறை குதிரைபோல் பாயலாம். அதனால் உலக செஸ் கூட்டமைப்பின் பெயரில் "ஃபிடே விதி" என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். காய்களுக்குப் படமும் தேவை. ஒரு வீட்டில் மந்திரி என்றால் ராணி, அடுத்த வீட்டில் அது குறுக்கே போகும் காய்.

தனித்தனியே எல்லா விதியும் தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு விதி ஒரே நகர்த்தலில் மோதும்போதுதான் தகராறு. அட்டாமிக் ஆட்டத்தைப் பாருங்கள். வெட்டு விழுந்தால் வெட்டிய காயும் வெட்டுப்பட்ட காயும் போகும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் சிப்பாய் தவிர மற்றதெல்லாம் போகும். எதிரி ராஜா சிதறினால் வெற்றி. கேட்க எளிது. ராஜா வெட்டலாமா? கூடாது, தானும் சிதறும். செக்கில் இருக்கும்போது அதைக் கவனிக்காமல் எதிரி ராஜாவைச் சிதறடிக்கலாமா? அடிக்கலாம், ஆட்டம் அங்கேயே முடிந்தது. ராஜாக்கள் ஒட்டி நிற்கலாமா? நிற்கலாம், ஒட்டியிருக்கும்வரை செக்கே இல்லை, ஒன்றை வெட்டினால் மற்றதும் போய்விடுமே. இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை, அது ஒரு கட்டம்தான் வந்ததுபோல் பக்கத்துச் சிப்பாய் வெட்டும் என்-பாசான் வெட்டில் வெடிப்பின் நடு எது? வெட்டிய சிப்பாய் போய் அமரும் கட்டம். பலர் எழுத மறப்பது இதைத்தான்.

தாளை இந்த ஆட்டமே தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு எழுதியவர் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் இல்லாத ஒரு வரி.

எதிரியிடமிருந்து வெட்டி எடுத்த காயைத் தன் காயாகப் பலகையில் இறக்கும் கிரேசிஹவுஸ் ஆட்டத்தில் சிக்கல் வேறு. கறுப்பு வெள்ளையாக மாற வேண்டும் என்பதால் பலகைக்கு இரண்டு செட் காய்கள் வேண்டும். சிப்பாயை முதல் வரிசையிலும் எட்டாவது வரிசையிலும் இறக்கக் கூடாது. ராணியாக மாறிய சிப்பாய் வெட்டுப்பட்டால் எதிரி கைக்குச் சிப்பாயாகத்தான் போகும். இருபது நகர்த்தல் கழித்து அது எந்த ராணி என்று யாருக்கு நினைவிருக்கும்? அடியில் சோழி வைத்தால் நகர்த்தும்போது பின்தங்கிவிடும். கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுவது நிலைக்கும். அதையும் விதியாகவே எழுதிவிடுங்கள்.

பிறகு காற்று. மண்டபம், பாம்பன் பக்கம் திறந்தவெளியில் பலகை விரித்தால் லேசான பிளாஸ்டிக் காய் நிற்காது. காயைத் தட்டிவிட்ட ஆட்டக்காரர் தன் நேரத்தில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது ஃபிடே. காற்று தட்டினால் கடிகாரத்தை நிறுத்தி, இருவரும் சேர்ந்து அடுக்கி, பிறகு ஓடவிடலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நகர்த்தல்களைக் குறித்து வைப்பதும் கட்டாயம். இல்லையென்றால் அட்டாமிக்கில் வெடித்துப் போனது எது, காற்றில் உருண்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது.