மன்னிட்டாலும் உப்புக் கரைசலும்

மூளையிலிருந்து நீரை இழுத்து, சிறுநீராக வெளியேற்றி வீக்கத்தைக் குறைக்கும் மருந்து மன்னிட்டால். அதன் பாட்டில் சற்றுக் குளிர்ந்தாலே அடியில் படிகம் கட்டிவிடும். வெந்நீரில் வைத்துக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வடிகட்டி பொருத்திய குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். தலையில் அடிபட்டவரின் மூளை வீங்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நீளம் என்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓர் இரவு விபத்தில் சிக்கிய இளைஞரைக் கொண்டுவந்தார்கள். வலக்கண் பாவை விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்கு அசையாமல் கிடந்தது. மன்னிட்டால் ஏறியபின் பாவை மெல்லச் சுருங்கியது. எங்களுக்கும் மூச்சு வந்தது. ஆனால் சிறுநீர்ப் பை மளமளவென்று நிரம்பியது. தொடை எலும்பு முறிந்து ஏற்கெனவே இரத்தம் இழந்திருந்தவர். மேல் அழுத்தம் 86க்குச் சரிந்தது.

“டாக்டர், பிரஷர் இறங்குகிறது” என்றேன்.

அழுத்தம் விழுந்தால் காயம்பட்ட மூளைக்கு இரத்தம் போய்ச் சேராது. வீக்கம் வடிந்தும் பயனில்லை. மருத்துவர் உடனே 3 சதவீத உப்புக் கரைசலுக்கு மாற்றினார். அதுவும் மூளையிலிருந்து நீரை இழுக்கும்; ஆனால் இரத்தக் குழாய்களை வற்றவிடாது. அதற்கு விலையாக இரத்தத்தில் சோடியம் எகிறும், மணிக்கணக்குப் பார்த்து இரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும்.

இரண்டில் எது அதிக உயிர்களைக் காக்கிறது என்பதற்கு, ஒப்பிட்ட ஆய்வுகளில் தெளிவான விடை கிடைக்கவில்லை. அதனால் மருந்தின் பெயரைவிட, படுக்கையில் இருப்பவரின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் சோடியத்தையும்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

என்னை இன்னும் உறுத்துவது ஸ்டீராய்டு. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை அது அழகாக வடிக்கும். அடிபட்ட மூளைக்கும் அப்படித்தான் என்று நம்பி, பணியில் சேர்ந்த புதிதில் நானே எத்தனையோ பேருக்கு அந்த ஊசியைப் போட்டிருக்கிறேன். தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு பயன்படுமா என்று பார்த்த கிராஷ் ஆய்வு 2004இல் வெளியானது. 10,008 நோயாளிகள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். அந்த எண்களை வாசித்த அன்று, பழைய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

இன்றும் புதிதாக வந்த யாராவது ஸ்டீராய்டு ஊசி மருந்தைக் கையில் எடுத்தால், “கட்டி உள்ளவருக்கா, அடிபட்டவருக்கா?” என்று கேட்காமல் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.