கிராம சபையில் பேசினேன், பதிவேட்டில் அது இல்லை

ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து நின்று பேசினேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஆனால் எங்கள் ஊருக்கு மாலை ஐந்தரைக்கு மேல் பஸ்ஸே கிடையாது. கல்லூரி விட்டு வரும் நாங்கள் தினமும் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய் கொடுக்கிறோம். இதைச் சொன்னதும் கைதட்டினார்கள். மேசையில் இருந்தவர் “எழுதிக்கிறோம்மா” என்றார்.

நான் மூன்றாம் ஆண்டு அரசியல் அறிவியல். மாணவர் அமைப்பில் இருக்கிறேன். அடுத்து பொதுக் கொள்கையில் முதுகலை படிக்க வேண்டும். எங்கள் ஊர் தீர்மானங்கள் என்ன ஆகின்றன என்பதையே ப்ராஜெக்டாக எடுத்தேன். மூன்று வருடப் பதிவேட்டைப் பார்த்தால் போதும், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மே மாதம் ஆரம்பித்தது ஆகஸ்ட் கடைசி வரை இழுத்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நான் போட்ட முதல் மனுவில் ஏழு கேள்விகள், ஏழும் ‘ஏன்’. ஏன் பஸ் விடவில்லை, ஏன் நடவடிக்கை இல்லை என்று கோபத்தில் எழுதியது. காரணம் கேட்கும் கேள்விகளுக்குத் தகவல் தர இயலாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. எங்கள் துறை சீனியர் அக்கா படித்துவிட்டு, “ஏன்னு கேட்காதே. என்ன எழுதியிருக்கு, அதோட நகல் கொடுங்கன்னு கேளு” என்றார். சட்டம் தருவது பதிவில் இருப்பதைத்தான். மனு எழுதும் முன் இது எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஜூனில் இரண்டாவது மனுவை அலுவலகத்தில் நேரிலேயே கொடுக்கப் போனேன். முதல் நாள் மனு வாங்கும் செக்‌ஷன் ஆள் லீவு. மறுநாள் அவர் மனுவைத் தொடக்கூட இல்லை. “யார் வீட்டுப் பொண்ணு? எந்தக் கட்சி? எதுக்கு இதெல்லாம்?” 2005 சட்டத்தின் 6(2) பிரிவுப்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றேன், குரல் நடுங்கியது. “அப்போ தபால்ல போடு” என்றார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போட்டேன். ஸ்டாம்ப் ஒட்டிய பிறகு ஜெராக்ஸ் எடுங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்தடுத்த படிகளுக்கு அதுதான் ஆதாரம்.

பதில் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு போட்டேன். அப்புறம்தான் அசைந்தார்கள்: 46 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 92 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம். கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 7(6) பிரிவு. அதைச் சுட்டிக்காட்டி எழுதினேன், பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்டேன். ஒரு பைசா வாங்காமல் கொடுத்தார்கள்.

நீளமான பதிவேடு, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. ஜனவரி 26 பக்கத்தை விரல் வைத்துப் படித்தேன். குடிநீர்த் தொட்டி சுத்தம், தெருவிளக்கு, டெங்கு விழிப்புணர்வு. முந்தைய வருடங்களிலும் கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள். பஸ் என்ற சொல் எங்குமே இல்லை. வருகைப் பக்கத்தில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு, கல்லூரிக்குப் போகும் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனோம். கோரிக்கையை மனுவாகவே எழுதிக் கொடுத்தோம். கூட்டம் கலையும்போது, “தீர்மானத்தை வாசிங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறோம்” என்றேன். வாசித்தார்கள். பஸ் இல்லை. அங்கேயே நின்றோம். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, “அந்தப் புள்ளைங்க சொன்னதை எழுதுய்யா” என்றார். எழுதினார்கள், 14ஆவது தீர்மானமாக. போக்குவரத்துக் கழகக் கிளைக்கு அனுப்புவதாகவும் அதில் இருக்கிறது. அனுப்பிய கடிதத்தின் நகல் கேட்டு அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன்.