பிரிக்காமலே பிடிபட்ட ஆயில் கசிவு

பழைய டிராக்டரின் அடியில் ஆயில் சொட்டுகிறது என்றதும் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கேட்டதால்தான் எனக்குப் பெரிய செலவு ஒன்று தப்பியது.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ரோட்டாவேட்டர் ஓட்டுவதற்கென்று வைத்திருப்பது மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் கொண்ட சிறிய டிராக்டர். வயது இருபதைத் தாண்டிவிட்டது. மழைக்காலம் முழுக்கச் சாளையை ஒட்டிய கொட்டகையில் சும்மா நின்றிருந்த அதை எடுத்து உழவு ஓட்டியபோது, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருமிடத்துக்குக் கீழே கறுப்பாகச் சொட்டத் தொடங்கியது. பட்டறைக்காரர் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தாரே தவிர, ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. “பின் சீல் போயிருச்சுங்ண்ணா, பிரிச்சுத்தானுங்க ஆகோணும்” என்றார். இன்ஜினின் கிரேங்க் தண்டு பின்பக்கம் வெளிவரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்தான் அவர் சொன்ன பின் சீல். கூலி மட்டும் 12,000 ரூபாய். பிரிப்பதே பிரிக்கிறோம், கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வேறு.

அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘பின் ஆயில் சீல்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனால், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகிய மூன்றும் மில்லிமீட்டரில் வேண்டும், இல்லையென்றால் பழைய சீலைக் கொண்டுவாருங்கள் என்றார் கடைக்காரர். அந்த அளவுகள் பெரும்பாலும் சீலின் முகத்திலேயே பொறித்திருக்கும் என்பது சரிதான். ஆனால் சீல் இருப்பதோ பிரிக்காத இன்ஜினுக்குள். இன்ஜின் எண்ணைச் சொன்னபோது அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இது செட் ஆனாலும் ஆகுமுங்க” என்று ஏதோ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தவர், விற்ற சீலைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். வாங்காமல் உக்கடம் வந்து பஸ் ஏறினேன். வெயிலில் ஒரு பகல் வீணானதுதான் மிச்சம்.

அதன்பின் நானே பார்ப்பதென்று முடிவு செய்தேன். சொட்டியது இன்ஜின் ஆயில் என்பதில் சந்தேகம் இல்லை. டீசல் இன்ஜினின் ஆயில் கரி கலந்து கறுத்துவிடும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு பழுப்பாக இருக்கும். டீசல் என்றால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங். பல மாடல்களில் அதன் அடியில் ஒரு சிறு துளையும், மண் அடைக்காமலிருக்க அதில் தளர்வாகத் தொங்கும் காட்டர் பின் என்ற கம்பி ஊசியும் இருக்கும். கிரேங்கின் பின் சீல் கசிந்தால் ஆயில் உள்ளே இறங்கி அத்துளை வழியாகத்தான் வெளியேறும். இன்ஜினை அணைத்து, பின்னைக் கழற்றிவிட்டு, கம்பி நுனியில் பனியன் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றி உள்ளே விட்டுத் துழாவினேன். துணியில் ஒட்டி வந்தது கிளட்ச் பிளேட் தேய்ந்த சாம்பல் நிறத் தூள் மட்டுமே. ஆயில் பிசுக்கே இல்லை. அந்தத் துணியைப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. (துளையை எம்சீல் வைத்து அடைத்துவிடு என்று பக்கத்துத் தோட்டத்து மாமா சொன்னார். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். உள்ளே உண்மையிலேயே கசிந்தால் ஆயில் தேங்கிக் கிளட்ச் பிளேட்டையும் கெடுத்துவிடும்.)

உள்ளே காய்ந்திருக்கிறதென்றால் ஆயில் வெளிப்புறமாக வழிந்து, தாழ்வான அந்த இடத்தில் சேர்ந்து சொட்டுகிறது என்று பொருள். ஏர் ஃபில்டர் வாயையும் டைனமோவையும் மூடிக் கட்டி, ஆறிய இன்ஜினை டீசலாலும் பிறகு சோப்புத் தண்ணீராலும் கழுவிக் காயவிட்டு, முகப்பவுடரைத் தூவினேன். ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டவரை ஒன்றும் தெரியவில்லை. சூடேறியபின் வேகத்தைக் கூட்டியபோதுதான், இன்ஜினின் மேல்தலையை மூடும் டேப்பெட் கவரின் பின்மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு வெள்ளைப் பவுடரை நனைத்துக்கொண்டு இறங்கியது. ஃபேனும் பெல்ட்டும் சுற்றும்போது டார்ச்சோடு குனிபவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குனியாதீர்கள்.

கவருக்கு அடியில் ஆயில் கசியாமலிருக்க வைக்கும் கார்க் கேஸ்கட்டை மாற்றினேன். அதோடு முடிந்தது என்றிருந்தால், முழுநாள் உழவுக்குப் பின் அதே மூலையில் மறுபடியும் ஈரம். ஆயில் அளவு பார்க்கப் போனபோது டிப் ஸ்டிக் தன் குழியிலிருந்து தானாகவே ஒரு விரற்கடை மேலெழும்பி நின்றது. உள்ளே காற்றழுத்தம் கூடினாலன்றி அப்படி நடக்காது. பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கும் புகை வெளியேறுவதற்கென்று உள்ள பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தால், அதன் வாயில் குளவி கூடு கட்டி, மண் கல்லாக இறுகியிருந்தது! போக வழியில்லாத அழுத்தம்தான் எளிதில் விட்டுக்கொடுத்த கேஸ்கட் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. பின் சீலையே மாற்றியிருந்தாலும் கசிவு நின்றிருக்காது.

குழாயைக் குச்சியால் குத்தி, டீசலில் அலசி மாட்டியபின், இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். லேசான ஆவி தவிர ஒன்றும் வரவில்லை. குழாய் சுத்தமாக இருந்தும் அங்கே புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அது வேறு செலவு. உழவு முடித்து வந்தும் இப்போது அந்த மூலை காய்ந்தே இருக்கிறது. பிரீதர் வாயைத் துணியால் கட்டி வைக்கும் யோசனை வேண்டாம், அதுவும் அடைப்புத்தான். ஆயில் மாற்றும்போதும், நெடுநாள் நின்ற வண்டியை எடுக்கும்போதும் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தால் போதும்.