யாழ்ப்பாணம் அல்ல, காங்கேசன்துறை

எங்கள் பெரியப்பாவின் அல்பத்தில் இருந்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்பக்கத்தில் "யாழ்ப்பாண ஸ்ரேசன்" என்று மட்டும் மைப்பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. தெற்கில் வேலை பார்த்தவர்களுக்குக் குடாநாட்டின் எந்த நிலையமும் யாழ்ப்பாண ஸ்ரேசன்தான் என்பதால், அந்தக் குறிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, படத்துக்குள் தெரிபவற்றைக் கொண்டே இடத்தைத் தீர்மானிக்க முயன்றேன். முதலாவது படத்தில் இருப்பது காங்கேசன்துறை யார்ட், அதாவது ரயில் பெட்டிகள் நிறுத்தப்படும் வளாகம், என்பதே என் முடிவு.

நேரில் போய் ஒப்பிட்டுப் பார்ப்பதால் இங்கே அதிகம் தெரியவராது. 1990 யூன் 13 உடன் யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின; காங்கேசன்துறைச் சுற்றாடல் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டிருந்தது. இன்றைய பாதை இந்தியாவின் இர்கோன் நிறுவனம் புதிதாக அமைத்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் அது திறக்கப்பட்டது. ஆகவே போரால் மாற்ற முடியாதவற்றை, அதாவது பாதை ஓடும் திசையையும் வெயில் விழும் பக்கத்தையும், முதலில் பார்க்க வேண்டும்.

படத்தில் ஐந்து பக்கத் தண்டவாளங்கள் அருகருகே வந்து தடுப்புக் கட்டைகளில் முடிகின்றன. யாழ்ப்பாணத்தில் பாதை முடிவதில்லை. நாவற்குழிப் பக்கமிருந்து வரும் பாதை நிலையத்தைக் கடந்து, வடக்கே திரும்பி, கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று போய்க் காங்கேசன்துறையில் முடிகிறது. ஆயினும் குட்செட்டுக்குள் (சரக்குக் கொட்டகைக்குள்) போகும் தண்டவாளங்கள் எந்த நிலையத்திலும் முட்டி நிற்கலாம் என்பதால், இந்த ஒரு சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. உறுதி தந்தது பனைகளுக்கு மேலே மங்கலாகத் தெரியும் வெள்ளைக் கோபுரம்: பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் உச்சியைச் சுற்றி ஒரு கம்பி வேலியும் விளக்கறையின் கூம்பும் தெரிகின்றன. அது 1893 இல் கட்டப்பட்ட காங்கேசன்துறை வெளிச்சவீடு. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற, எங்கள் அயலிலுள்ள ஐயா ஒருவர் படத்தைக் கண்டதும், "இதுக்கங்கால போக லைன் இல்லைத் தம்பி, கடல்தான்" என்றார்.

அடுத்தது நிழல். வெளிச்சவீடு வடக்கே ஓடி முடியும் பாதைக்கு அப்பால் இருப்பதால் கமரா ஏறக்குறைய வடக்கே பார்க்கிறது. பெட்டியருகே நிற்பவரின் நீண்ட நிழல் இடப்பக்கம், அதாவது மேற்கே, விழுகிறது. அப்படியானால் இது காலை வேளை. படச்சுருள் இடவலம் மாறிப் பிரதியெடுக்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் குழம்பிவிடும் என்பதால், சரக்குப் பெட்டியின் பக்கத்திலுள்ள சி.ஜி.ஆர். (இலங்கை அரசாங்க ரயில்வே) எழுத்துகள் நேராக வாசிக்கப்படுகின்றனவா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டேன். மதிய வேளைக் குட்டை நிழலை நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை: நமது ஊரில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கேயிருந்து வருகிறது, அந்த மாதங்களில் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். மாதம் தெரியாமல் அந்த நிழலை வைத்துத் திசை சொல்லக் கூடாது.

1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய கோச்சி (ரயில்), 1905 இல் கொழும்புடன் இணைந்தது. தொடக்கத்திலிருந்தே காங்கேசன்துறை கடைசி நிலையம். 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபின் அந்த யார்ட்டின் பளு கூடியது. முதலாவது படத்தில் தொழிற்சாலை தெரியவில்லை. அதனால் அது 1950 க்கு முந்தியது என்று சிலர் சொல்வர். கமரா திரும்பியிருந்த திசையில் ஒரு கட்டடம் அகப்படாமல் போனதை ஆண்டுக்குச் சான்றாக நான் எடுக்க மாட்டேன்.

இரண்டாவது படம் எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று சொல்வது எளிது. அதில் நிற்பது கனடாவில் செய்யப்பட்ட எம்2 வகை டீசல் எஞ்சின். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் வந்த அவற்றின் தொடக்க எஞ்சின்களுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. பின்னாளில் நம்மவர் ஆயிரக்கணக்கில் குடியேறிய ஒன்ராறியோவின் பெயரும் அவற்றில் ஒன்று என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. பாதை நிலையத்தைக் கடந்து இருபக்கமும் போவதால், இந்தப் படத்துக்கு யாழ்ப்பாணம் என்ற குறிப்பு பொருந்துகிறது. எஞ்சினுக்குப் பக்கத்திலுள்ள குட்செட்டின் முன்பக்கத்தை, அதே தூரத்தில் தெரியும் தண்டவாள இடைவெளியை அளவுகோலாக்கி அளந்தேன். நமது அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், முன்பக்கம் அதில் ஏறக்குறைய பத்து மடங்கு, ஆக 55 அடியளவு. 1990 க்கு முன் யாழ்ப்பாண நிலையத்தின் குட்செட்டை முன்பக்கமாக எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், தண்டவாளமும் தெரியும்படி முழுமையாக ஸ்கான் செய்து அனுப்புங்கள். அதே முறையில் அளந்து இரண்டையும் ஒப்பிடுவேன்.