கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி

ஆய்வகத்தில் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். காலிதான் என்று தோன்றியது.

மனசு ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுற்றி எடுத்தேன். அடியில் ஒரு துளி, கடுகளவு. மூடியில் ஒட்டியிருந்ததெல்லாம் இறங்கி வந்துவிட்டது.

எஸ்ஆர்எஸ்எஃப்1 புரதம். மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, ஆய்வுக்கென்றே வடித்து எடுத்தது. மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வில் வேண்டாத இன்ட்ரானை வெட்டி, வேண்டிய எக்ஸான்களை ஒட்டும்போது, "இது வேண்டியது" என்று அடையாளம் காட்டும் புரதங்களில் ஒன்று. கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே நின்றேன்.

காரைக்குடி வீட்டுக்கு வந்தால், வளவில் அப்பத்தா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தது. குப்பியைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்குள்ள என்னாத்தா கெடக்கு, இம்புட்டுப் பத்திரமா வைக்கிறீக?"

வாடின மொட்டை ஒதுக்கி, நல்லதை மட்டும் நாரில் சேர்த்துக்கொண்டிருந்த அந்த விரலைக் காட்டினேன். "இந்த வேலைதான் அப்பத்தா."

எஸ்எம்என்2 மரபணுவின் 7ஆவது எக்ஸானில் ஒரே ஓர் எழுத்து, சி இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் இந்தப் புரதத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. செல் அந்த எக்ஸானைப் பெரும்பாலும் தாண்டி ஒட்டிவிடுகிறது. அதன் இரட்டையான எஸ்எம்என்1 மரபணு இல்லாமல் பிறந்த குழந்தைக்கு இருப்பது இந்த எஸ்எம்என்2 ஒன்றுதான். நரம்புக்கு வேண்டிய புரதம் போதாமல் தசை வலுவிழந்துகொண்டே போகும். அந்த எக்ஸானைத் திரும்பச் சேர்க்க வைக்கும் நுசினெர்சென் மருந்துக்கு 2016இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்பத்தா கட்டுவதை நிறுத்திவிட்டது.

"நல்ல மொட்டையே தள்ளிட்டுக் கட்டிருதாக்கும்?"

ஆமாம் அப்பத்தா.

ஒதுக்கி வைத்திருந்த குவியலை இழுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தது.